சிலிண்டர்க்காரனிடம் கேட்டால்

வங்கிக்கு மாற்றலாகி வந்த மிஸ்,
உங்கள் அறை அடுப்பைப் பூட்டிக் கொடுத்துவிட்டுக்
கை துடைக்கும்போது கேட்டீர்கள்:
ஹட்டனில் எங்கே நல்ல சாப்பாடு?

ஆளைத் தவறிக் கேட்டீர்கள்.
இந்த ஊர்க் கடைகளுக்கு எனக்கு முகம் தெரியாது,
முதுகு தெரியும்.
பதினாறு வருஷமாய்
முப்பத்தேழரைக் கிலோவை விளிம்பில் உருட்டி
வெங்காயத் தோலும் முட்டைக்கோதும் மிதிபடப்
பின்படியால் போய் வருகிறவன்.
பெயர்ப்பலகை என்ன நிறம் என்றால் முழிப்பேன்.

ஸ்டேசனுக்குக் கீழே சைவக் கடை.
செவ்வாய், வெள்ளி மட்டும் போங்கள்.
மற்ற நாள் சுப்பையா காணி வழக்கென்று
கோர்ட்டுக்குப் போய்விடுவார்.
மருமகனுக்குப் பெருங்காயத்தில் நம்பிக்கை இல்லை.

கொத்துக்கு ஃபாயிஸ் நானா.
தகரம் தட்டும் சத்தத்துக்காகப் போகாதீர்கள்,
சத்தம் எல்லாரும் போடுவார்கள்.
இவர் சால்னா எலும்பை
இரவு முழுக்கச் சிறுதீயில் வைக்கிறவர்.
மற்றவர்களுக்குப் பத்து நாள் வருவது
இவருக்கு ஆறு நாள்.
நான் ருசியை நாக்கால் பார்ப்பதில்லை, மிஸ்,
பில் புத்தகத்தில் பார்க்கிறேன்.
மலை சீசனில் மட்டும் இந்தக் கணக்குப் பொய்க்கும்;
குளிரில் இறங்கி வந்தவன்
எதை வைத்தாலும் தின்பான்.

மாடியில் சைனீஸ் ஒன்று இருக்கிறது.
வேண்டாம்.
எண்ணெய் ட்ரம்மைப் பார்த்தவன் சொல்கிறேன்.

ஜயசுந்தர முதலாளியின் பேக்கரிக்கு
கேஸ் வேண்டியதில்லை, டர்பன்டைன் விறகு.
அதனால் அந்த ஒரு கடைக்குத்தான்
நான் முன்வாசலால் போகிறேன்.
விடிய நாலரைக்கு மூடுபனியில் ரோடு தெரியாது,
வாசனையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் சரி.
ரோஸ் பாணைத் தாளில் சுற்றி
ஜெர்சிக்குள் வைத்தால்
டிக்கோயா தாண்டும்வரை நெஞ்சு சுடும்.

இவ்வளவுதான் என்று படியிறங்கினேன்.
பாதிப் படியில் நின்றுவிட்டேன்.
ஒரு கடையை விட்டுவிட்டேன், மிஸ்.
மறந்து அல்ல.

பஸ் ஸ்டான்ட் பின்னால், டயர்க் கடை ஒட்டில்
செபமாலை அக்கா ஆப்பம் சுடுகிறாள்.
முன்னும் இல்லை பின்னும் இல்லை அந்தக் கடைக்கு,
ஒரு மேசை, ஒரு படங்கு.

கேஸ் இல்லாத வருஷம்
நீங்களும் வவுனியாவில் வரிசையில் நின்றிருப்பீர்கள்.
இங்கே லொறியில் வந்தது எழுபது.
நின்றவர்கள் நானூறு.
அவளுடைய சின்ன நீலச் சிலிண்டர்
பதினோராவதாய் நின்றது,
வெள்ளைப் பெயின்டில் ‘செ’ என்று எழுதி.
நான் லொறியின் மறுபக்கமாக மூன்றை இறக்கினேன்,
மாடிச் சைனீஸுக்கு.
விலைக்கு மேல் விலை.
பதினோராவது ஆளுக்கு முன்னாலேயே
முடிந்துவிட்டது என்று கையை விரித்தோம்.
அந்த மாசம் வீட்டில் பால்மா இருந்தது,
மகனுக்கு டியூசன் காசு கட்டினேன்.
மன்னிப்புக்குச் சொல்லவில்லை,
பில் புத்தகத்தில் இல்லாத வரவு,
அதனால் சொல்கிறேன்.

அவள் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.
மறுநாள் மூன்று கல், ஈரத் தேயிலை மிலாறு.
குடையைச் சட்டிக்குப் பிடித்துவிட்டுத்
தான் நனைந்துகொண்டு ஊதினாள்.

இன்றைக்கும் விறகுதான்.
நடுவில் பஞ்சு, ஓரத்தில் மொறுமொறு,
பாலின் புளிப்புக்குப் பின்னால்
மிலாறுப் புகை கொஞ்சம், தொண்டையில்.
ஊரில் அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

வாரம் இரண்டு நாள் போகிறேன்.
இரண்டு வெள்ளையப்பம், ஒரு முட்டையப்பம்.
எல்லாருக்கும் கட்டைச்சம்பலை மறுபடி வைப்பாள்.
எனக்கும் வைப்பாள்.
அதுதான் விழுங்கக் கஷ்டம்.
மீதியைக் கடைசி ரூபாய்வரை எண்ணித் தருவாள்.

ஆறரைக்கு முன்னால் போங்கள், மாவு முடிந்துவிடும்.
யார் சொன்னது என்று கேட்டால்
என் பெயர் வேண்டாம்.

இன்னொன்று, மிஸ்,
படுக்கும்போது ரெகுலேட்டரை மூடிவிடுங்கள்.